மாணவர்களோடு மணலைச் சலித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றி எங்கள் பள்ளி மாணவர்கள் செய்த ஆய்வின் முதல் சுற்று முடிந்துவிட்டது. அவர்கள் எழுதிய அறிக்கையும் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உதவியவர்களிடம் நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் யார் யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி கடல் ஆராய்ச்சியாளருக்கு. நாங்கள் கேட்டது ஒரு மணி நேரப் பேச்சுதான். அவரோ சல்லடைகளோடும் மரச்சட்டங்களோடும் வந்து, மாதக்கணக்கில் எங்களோடு நின்றார். அலை ஏறி நின்ற கோட்டை அடையாளம் காண்பது, குப்பை அதிகம் தெரியும் இடத்தைத் தேடிப் போகாமல் சீட்டுக் குலுக்கி வரும் இடத்தில் மரச்சட்டத்தை வைப்பது, அதற்குள் அடங்கும் 50 செ.மீ. சதுரத்தில் மேல்மணலை மட்டும் வழித்தெடுத்துக் காயவைத்துச் சலிப்பது என எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 5 மி.மீ.க்குக் குறைந்த துண்டுகள்தான் நுண்பிளாஸ்டிக். உப்பு நன்றாகக் கரைத்த நீரில் மணலைக் கொட்டினால் மணல் அடியில் தங்கிவிடும், பிளாஸ்டிக் துகள்களில் பல மேலே மிதக்கும். அதைக் கண்டதும் மாணவர்கள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு மாணவனின் சட்டத்துக்குள் ஒன்றுமே கிடைக்கவில்லை. சட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கட்டுமா என்று வாடிய முகத்தோடு கேட்டான். அவர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பூச்சியத்தையும் எழுதத்தான் வேண்டும், விட்டுவிட்டால் கரை இருப்பதைவிட அழுக்காகக் கணக்கில் ஏறிவிடும் என்று விளக்கினார். அப்புறம் ஒருவரும் சட்டத்தை நகர்த்தவில்லை. இந்தத் திட்டத்தில் பிள்ளைகள் கற்றதில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் எண்ணிய கணக்கை நம்பலாமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சிலி நாட்டில் பள்ளி மாணவர்கள் கடற்கரை மணலில் இப்படிச் சேகரித்த சிறு பிளாஸ்டிக் துண்டுகளின் கணக்கு, சரிபார்க்கப்பட்ட பிறகு அறிவியல் இதழிலேயே வெளிவந்திருக்கிறது. ஜெர்மனியில் 2016 முதல் மாணவர்கள் ஆற்றங்கரைகளில் குப்பையைக் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். எங்கள் மாதிரிகளையும் இரண்டாம் முறை எண்ணிச் சரிபார்த்த கல்லூரி மாணவர்களுக்கு நன்றி.

கரையில் பாட்டில் மூடிகள் நிறையக் கிடைத்தன, பாட்டில்கள் குறைவு. அது ஏன் என்பது பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை. விடை மீனவர்களிடம் இருந்தது. வலையில் மீனோடு ஏறிவரும் குப்பையைத் திரும்பக் கடலில் போடாமல், எங்களுக்காகச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் பாட்டில்கள் இருந்தன. தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் கடல்நீரைவிட அடர்த்தி கூடியது, மூடி கழன்று நீர் புகுந்தால் அடியில் போய்விடும். மூடியின் பிளாஸ்டிக் வேறு, அது மிதக்கும். கிழிந்த வலைத்துண்டுகளையும் கயிறுகளையும் வகை பிரித்துக் காட்டியவர்களும் அவர்களே. தங்கள் தொழிலிலிருந்து வரும் குப்பையையும் மறைக்காமல் சுட்டிக்காட்டினார்கள். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்.

தூய்மைப் பணியாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கணக்கெடுக்கும் நாளில் நாங்கள் முடிக்கும்வரை அந்தப் பகுதியைப் பெருக்காமல் காத்திருந்தார்கள். அதனால் அவர்களுக்கு வெயிலில் வேலை நீண்டது. மழை பெய்த மறுநாள் வடிகால் வாய்க்காலைப் போய்ப் பாருங்கள் என்று சொன்னதும் அவர்கள்தான். பார்த்தோம். வாய்க்கால் வந்து சேரும் இடத்தை ஒட்டிய சதுரங்களில்தான் பிளாஸ்டிக் உறைத் துண்டுகள் குவிந்திருந்தன. எங்கள் அறிக்கையின் மையமே அந்த ஒரு தகவல். கரையை எத்தனை முறை கூட்டினாலும் வாய்க்காலைக் கவனிக்காவிட்டால் பயன் குறைவு என்று மாணவர்கள் வரைபடம் போட்டுக் காட்ட முடிந்தது.

அதைக் குறுக்கிடாமல் கேட்டு, வாய்க்கால் வாயில் வலைத்தடுப்பு வைக்க ஏற்பாடு செய்த உள்ளாட்சி அலுவலர்களுக்கு நன்றி. வலையில் சேர்வதை வாராவாரம் அள்ளுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பாடவேளையை விட்டுக்கொடுத்த தலைமையாசிரியருக்கும், வரைபடங்களுக்கு உதவிய கணித ஆசிரியருக்கும், விடுமுறை நாளிலும் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் நன்றி.

மாணவர்களே, குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் சீக்கிரமே வீடு திரும்பியிருக்கலாம். நீங்கள் துகள் துகளாக எண்ணினீர்கள், நிறம் எழுதினீர்கள், சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணினீர்கள். உங்களுக்கு ஆசிரியராக இருப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

வலைத்தடுப்பு வைத்த பிறகு என்ன மாறியது என்று பார்க்க, அடுத்த சுற்று அதே கரையில் அதே முறையில் நடக்கும். சட்டங்கள், சல்லடைகள், பதிவேடுகள் எல்லாம் பள்ளி ஆய்வகத்தில் இருக்கின்றன. வேறு பள்ளிகள் கேட்டால் தாராளமாகக் கொடுப்போம்.

நன்றியுடன்,
திட்டத்தை ஒருங்கிணைத்த அறிவியல் ஆசிரியர்