படத் தொகுப்பு மென்பொருள் எழுதுவோருக்கு: "பிழை" என்று மட்டும் சொல்லாதீர்கள்

படங்களைத் தேதிவாரியாக அடுக்கவும், குறிச்சொல் இட்டுத் தேடவும் உதவும் மென்பொருள்களை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். "மெட்டாடேட்டாவை எழுத முடியவில்லை." பிழை நேரும்போது உங்கள் நிரல்களில் பல காட்டுவது இந்த ஒற்றை வரியைத்தான். மெட்டாடேட்டா என்பது எடுத்த தேதி, கேமரா, குறிச்சொல் போலப் படத்தோடு சேர்த்து வைக்கும் விவரங்கள். எந்தக் கோப்பு, அதில் எந்தப் பகுதி, எந்த டேக் (ஒரு தனி விவரத்துக்கான இடம்), அங்கே என்ன மதிப்பு இருந்தது என்று எதுவும் இருக்காது. படமே கெட்டுவிட்டது என்று பயந்து சிலர் கோப்பை அழித்தே விடுகிறார்கள். உண்மையில் படம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். கெட்டிருப்பது கோப்பின் முன்பகுதியில் உள்ள சில பைட்டுகள்தான்.

ஒரே விவரம் ஒரு ஜேபெக் கோப்புக்குள் மூன்று இடங்களில் இருக்கலாம்: கேமரா எழுதும் எக்ஸிஃப், செய்தித் துறைக்காக உருவான ஐபிடிசி, 2001இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி. நான்காவதாக உங்கள் தரவுத்தளம். ஒரு நிரல் எக்ஸ்எம்பியில் மட்டும் படக்குறிப்பைத் திருத்திவிட்டு ஐபிடிசியைத் தொடாமல் விட்டால், அடுத்த நிரல் பழைய குறிப்பையே காட்டக்கூடும். இந்தச் சிக்கலுக்காகவே ஐபிடிசி பகுதியின் எம்டி5 டைஜஸ்ட்டை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற ஒரு குறுகிய எண்ணை, கோப்பில் பதிந்து வைக்கும் முறை இருக்கிறது. டைஜஸ்ட் பொருந்தினால் ஐபிடிசியை வேறு யாரும் தொடவில்லை, எக்ஸ்எம்பியை நம்பலாம். பொருந்தாவிட்டால், எக்ஸ்எம்பியை அறியாத ஏதோ ஒரு நிரல் பிற்பாடு ஐபிடிசியை மாற்றியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் முடிவு தெரியாவிட்டால் இரண்டு மதிப்புகளையும் அருகருகே காட்டிக் கேளுங்கள். "வட்டிலிருந்து படிக்கவா, மேலெழுதவா?" என்று மட்டும் கேட்டால், எதை இழக்கப்போகிறோம் என்று தெரியாமலே பயனர் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது.

தமிழில் குறிச்சொல் இடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஐபிடிசியின் பழைய வடிவத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுதான் இடம். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வொரு குறிக்கும்) 3 பைட்டு. மெய்யின் மேல் வைக்கும் புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனியே 3. "பிறந்தநாள் கொண்டாட்டம்" என்பதை எண்ணிப் பாருங்கள்: 21 குறியீட்டுப் புள்ளிகளும் ஓர் இடைவெளியும் சேர்ந்து மிகச்சரியாக 64. ஆனால் 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாக இல்லாமல் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து ஒரு நிரல் எழுதினால் 67 ஆகிவிடும். 64இல் வெட்டினால் கடைசிப் புள்ளி போய், "கொண்டாட்டம" என்று நிற்கும். வெட்டாமல் விட்டாலும், திரையில் ஒரே மாதிரி தெரியும் இந்த இரண்டு வடிவங்களும் தேடலில் இரு வேறு குறிச்சொற்கள். எழுதும் முன், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். நீளம் மிஞ்சினால் முழுச் சொல்லையும் எக்ஸ்எம்பியில் வைத்து, வெட்டிய செய்தியைப் பயனருக்குச் சொல்லுங்கள். ஐபிடிசியில் எழுதும்போது, எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் டேக்கையும் சேர்த்தே எழுதுங்கள். அது விடுபட்டால் அடுத்த நிரல் அதை லத்தீன் எழுத்துகளாகப் படித்துக் குப்பையாகக் காட்டும்.

தேதிக்கு வருவோம். எக்ஸிஃபில் படம் எடுத்த நேரம் இருக்கும். அது எந்த நேர மண்டலம் என்பதற்கு நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. 2016இல் வந்த 2.31 பதிப்புதான் அதற்குத் தனி டேக் தந்தது. எம்பி4 வீடியோவிலோ, வரையறைப்படி நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்க வேண்டும். உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும் கேமராக்களும் உண்டு. ஒரே நிகழ்ச்சியின் படமும் வீடியோவும் பல மணி நேரம் தள்ளி நிற்பது இதனால்தான். எடுத்த தேதி இல்லாதபோது கோப்பு மாறிய தேதியை அந்த இடத்தில் நிரப்பாதீர்கள். "தேதி இல்லை" என்று காட்டுவதே நேர்மை. ஊகித்த தேதியைக் கோப்புக்குள் எழுதிவிட்டால், பிறகு அதை உண்மைத் தேதியிலிருந்து பிரித்தறிய வழியே கிடையாது.

மேக்கர்நோட்டை மிகுந்த கவனத்தோடு கையாளுங்கள். கேமரா நிறுவனங்கள் தங்கள் சொந்த வடிவத்தில் எழுதும் அந்தப் பகுதிக்குள், தரவு எங்கே இருக்கிறது என்பது பல கேமராக்களில் எக்ஸிஃபின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. வேறெங்கோ ஒரு வரி சேர்த்து அந்தப் பகுதியை நகர்த்தினால் உள்ளே உள்ள முகவரிகள் எல்லாம் தப்பாகிவிடும். லென்ஸ் பெயர், ஃபோகஸ் விவரம் காணாமல் போகும். அதேபோல் ஜேபெக்கின் ஒரு பகுதி 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது, ஏனென்றால் நீளத்தைக் குறிக்க இரண்டே பைட்டுதான். திருத்த வரலாறு சேர்ந்து சேர்ந்து வீங்கிய எக்ஸ்எம்பி இந்த வரம்பில் முட்டும்போது, காரணத்தை அப்படியே சொல்லுங்கள்.

எக்ஸ்எம்பி விவரங்களைப் படத்துக்கு வெளியே தனியாக வைக்கும் துணைக்கோப்பின் பெயர் இன்னொரு கண்ணி. படத் தொகுப்பு நிரலான லைட்ரூம், மூலக்கோப்பின் நீட்டிப்பை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி என்று சேர்க்கும். அதே வகை நிரலான டார்க்டேபிள் நீட்டிப்பை வைத்துக்கொண்டே சேர்க்கும். முதல் முறையில், ஒரே பெயரில் ராவும் (கேமரா பதப்படுத்தாமல் தரும் படக்கோப்பு) ஜேபெக்கும் இருந்தால் துணைக்கோப்பு எதற்குரியது என்பது பெயரிலிருந்து தெரியாது. இரண்டு வடிவங்களையும் தேடிப் படியுங்கள். இரண்டும் இருந்தால் எச்சரியுங்கள்.

நீங்கள் திருத்தும்வரை பயனர்கள் செய்யக்கூடியது இது. முதலில் கோப்புறையை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். எழுத அனுமதி இருக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து நீட்டிப்பு: பிஎன்ஜி அல்லது ஹெச்இஐசி படத்துக்கு ஜேபெக் நீட்டிப்பு இட்டிருந்தால், படம் திறக்கும், ஆனால் மெட்டாடேட்டா எழுதுவது தோற்கும். பிறகு, மெட்டாடேட்டாவைப் படிக்கவும் எழுதவும் உதவும் எக்ஸிஃப்டூல் நிரலின் வேலிடேட் வசதியை ஓட்டினால் எந்தப் பகுதியில் கோளாறு என்று எச்சரிக்கைகளாக வரும். உடைந்திருப்பது எக்ஸிஃப் அமைப்பு என்றால், எல்லா டேக்குகளையும் நீக்கி, படிக்க முடிந்தவற்றை அதே கோப்பிலிருந்து திரும்ப எழுதும் கட்டளை எக்ஸிஃப்டூலின் கேள்வி-பதில் பக்கத்திலேயே இருக்கிறது. வண்ண விவரமான ஐசிசி புரொஃபைலையும் திரும்பச் சேர்க்க வேண்டும். விட்டால் நிறம் மாறித் தெரியலாம். பழைய கோப்பை எக்ஸிஃப்டூல் தனிப் பெயரில் வைத்திருக்கும். லென்ஸ் விவரம்வரை சரிபார்த்த பிறகே அதை அழிக்கலாம்.

எங்கள் கோரிக்கை எளிது. மூலக்கோப்பின் மேல் நேரடியாக எழுதாதீர்கள். தற்காலிகக் கோப்பில் எழுதி, திரும்பப் படித்து, படத் தரவின் ஹேஷ் (மேலே சொன்ன டைஜஸ்ட் போன்ற எண்) மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே பெயர் மாற்றுங்கள். தோற்றால் கோப்பின் பாதை, பகுதி, டேக், பழைய மதிப்பு, எழுத முயன்ற மதிப்பு ஆகிய ஐந்தையும் நகலெடுக்கக்கூடிய எழுத்தாகப் பதிவேட்டில் தாருங்கள். ஆயிரம் படங்களில் மூன்று தோற்றால் மற்றவற்றை முடித்துவிட்டு அந்த மூன்றின் பட்டியலைக் காட்டுங்கள். வேலை முழுவதையும் நிறுத்தாதீர்கள். அடுத்த பதிப்பை வெளியிடும் முன், நகர்ந்த மேக்கர்நோட் உள்ள படம், தமிழ்க் குறிச்சொல் உள்ள படம், தேதி முழுக்கப் பூஜ்யமாக உள்ள படம், ஜேபெக் என்று பெயரிட்ட பிஎன்ஜி ஆகியவற்றை உங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
படத் தொகுப்புகளைப் பராமரிப்பவர்கள்