காளிகேசத்துக்குக் கூட வந்த அண்ணாச்சிக்கு நன்றி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் அருவி வரை எங்கள் குடும்பத்துக்கு வழித்துணையாக வந்த அண்ணாச்சிக்கு மனமார்ந்த நன்றி. பெயரைக் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிய களைப்போடு எங்களுடன் நடந்தீர்கள். காளி கோயிலருகே ஆற்றில் குதிக்கப் பிள்ளைகள் துடித்தபோது, நீங்கள் முதலில் இறங்கிக் கம்பால் ஆழம் பார்த்தீர்கள். பாசி படிந்த பாறைகளைக் காலால் தடவிக் காட்டி, "இதுவரைக்கும்தான் மக்களே" என்று எல்லை வகுத்தீர்கள்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் திடீரென எல்லோரையும் கரையேறச் சொன்னீர்கள். கண்ணாடியாய் இருந்த நீர் லேசாகக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கியதை நீங்கள் மட்டுமே பார்த்திருந்தீர்கள். மேல்மலையில் மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருந்தாலும் வெள்ளம் வரும் என்றீர்கள். சற்று நேரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறையே தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், அருவிக்குப் போகும் ஒவ்வொருவரும் இந்த அடையாளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டீர்கள். நாகர்கோவில் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள் அண்ணாச்சி. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்துத் தர அம்மா காத்திருக்கிறார்.