கொண்டோ வாங்குமுன் கட்டடத்தின் கணக்கைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

என் அக்கா மகன் சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுவிட்டுக் கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி வீடு, வாங்க நினைக்கிறான். விற்குமுன் அங்கே வாழ்ந்தாக வேண்டிய ஐந்தாண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டது. முகவர்கள் விடாமல் அழைக்கிறார்கள். நம் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு நடப்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் பழைய கொண்டோ ஒன்றில் குடியிருப்பவள். அதன் நிர்வாக மன்றத்தில் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன்.

கொண்டோவால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூட்டுவலியால் அவதிப்படும் என் அம்மா காலையில் நீச்சல் குளத்தில் இறங்கி நடக்கிறார், அது அவருக்குப் பெரிய ஆறுதல். அப்புறம், விற்கும்போது இன ஒதுக்கீடு குறுக்கே வராது. வீவக புளோக் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் வரம்பு வைக்கும் அந்த விதி 1989 முதல் இருக்கிறது. எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்ற அதன் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டால் அங்குள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவார்கள், விலையும் அடிபடும். இதை அனுபவித்தவர்களுக்குக் கொண்டோ மீது ஆசை வருவது நியாயமே.

முன்பணக் கணக்கை முகவர்களே சொல்லிவிடுவார்கள். 1.5 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 75 விழுக்காடுதான் கடன் தரும். மீதி 375,000 வெள்ளியில் 75,000 வெள்ளி ரொக்கமாக இருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 44,600 வெள்ளி தனி.

அவர்கள் அதிகம் பேசாதது மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம். நான்கறை வீவக வீட்டுக்கு நகர மன்றத்துக்கு நூறு வெள்ளிக்கும் குறைவாகவே கட்டுகிறோம். கொண்டோவில் அது பங்கு மதிப்பைப் பொறுத்தது, அதாவது பொதுச் செலவைப் பகிர ஒவ்வொரு வீட்டுக்கும் வைத்திருக்கும் பங்குகளின் எண்ணிக்கையை. 50 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்குப் பொதுவாக 5 பங்கு. 51 முதல் 100 வரை 6 பங்கு. ஒரு பங்குக்கு மாதம் 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஓர் அறை வீட்டுக்காரர் 300 வெள்ளி கட்டுவார், அதைப் போல் இரு மடங்கு பெரிய வீட்டில் இருப்பவர் 360 வெள்ளிதான் கட்டுவார். செலவு குறையும் என்று நம்பிச் சின்ன வீடாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், பெரிய பழுதுகளுக்கான ஒதுக்கு நிதி. கட்டணத்தை ஏற்றவே கூடாது என்று எங்கள் உரிமையாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு வாக்களித்தார்கள். மின்தூக்கிகளை மாற்றும் நேரம் வந்தபோது நிதி போதவில்லை. எல்லாரும் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து மாதாமாதம் வரும் பணத்தை மட்டுமே நம்பியிருந்த பெரியவர் ஒருவர் தவணையில் கட்டலாமா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார். கணக்குப் புத்தகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு கனத்தது. கட்டடம் 20 ஆண்டைத் தாண்டினால் வெளிச்சுவர்ச் சோதனையும் உண்டு. 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களுக்கு ஏழாண்டுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும் என்பது 2022 முதல் விதி. அந்தச் செலவும் உரிமையாளர்களுடையதே.

சரி, தாங்கவில்லை என்றால் வீவகவுக்கே திரும்பிவிடலாமே என்பார்கள். கொண்டோவை விற்றபின் மறுவிற்பனை வீவக வீடு வாங்கப் பொதுவாக 15 மாதம் காத்திருக்க வேண்டும். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நான்கறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்கு மாறினால் அந்தக் காத்திருப்பு இல்லை. நாற்பதுகளில் இருப்பவர்கள் அவ்வளவு காலம் வாடகை கொடுக்கவும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

அதனால் வாங்க விரும்புவோர் வீட்டைத் தமக்கென ஒதுக்கிவைக்க ஆப்ஷன் பணம் கொடுக்குமுன், கடைசி மூன்று ஆண்டுப் பொதுக் கூட்டக் குறிப்புகளையும் கணக்குகளையும் விற்பவரிடம் கேளுங்கள். உரிமையாளர் என்ற முறையில் அவரால் அவற்றைப் பெற முடியும். ஒதுக்கு நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள், அடுத்து என்ன பெரிய வேலை வருகிறது என்று பாருங்கள். முகவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டு விளம்பரத்தில் நீச்சல் குளத்தின் படத்துக்குக் கீழே மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் ஒதுக்கு நிதி இருப்பையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹவ்காங்