உன் பெயர் தெரியாமல் இருந்த ஒன்பது வருஷம்

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இதைக் கையில், சைகை மொழியில் சொல்ல எனக்கு வராது. என் கைக்குத் தெரிந்தது முந்நூறு சொல் இருக்கும். சாப்பிட்டாயா, அங்கே மழையா, சம்பளம் வந்ததா என்று கேட்க அது போதும். மனசில் கிடப்பதை எடுத்துப் போட அது காணாது. எழுத்தில் நீ மெதுவாகத்தான் வருவாய், தெரியும். கையில் நான் மெதுவு, எழுத்தில் நீ மெதுவு. புரியாத இடத்தில் கோடு போட்டு வை, ஞாயிற்றுக்கிழமை கேள். இல்லாவிட்டால் மருமகளிடம் கொடு, அவள் தமிழ் உன்னுடையதைவிட நல்ல தமிழ்.

போன செவ்வாய்க்கிழமை நீ குடும்ப குரூப்பை விட்டு வெளியே போனாய். வெளியேறுவது இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் தெரியுமாம். அட்மின் உன் சித்தப்பா. அவருக்குத் தெரிந்தால் அருப்புக்கோட்டைக்கே தெரிந்த மாதிரி. அரை மணி நேரத்தில் போன் வந்துவிட்டது. "என்ன மதினி, உங்க மகனுக்கு நாங்கெல்லாம் வேண்டாமா? முகம் தெரியாதவனோட ராத்திரி பூரா போன்ல கிடக்கான், சொந்தக்காரன் கசக்குதா?"

பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து அந்த குரூப்பை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். தாத்தா திவசம் எந்தத் தேதி என்பது வாய்ஸ் நோட். அத்தை மகளுக்கு நிச்சயம் முடிந்தது வாய்ஸ் நோட். சித்தப்பா அரசியல் பேசுவது எல்லாம் வாய்ஸ் நோட், அது உனக்குக் கேட்காதது உன் அதிர்ஷ்டம். அப்புறம் போன வருஷம் புரட்டாசியில், அப்பாவை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நான் அனுப்பியது. அதுவும் வாய்ஸ் நோட். ஒரு நிமிஷம் நாற்பது நொடி. கை நடுங்கியது, டைப் அடிக்க ஓடவில்லை, மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசிவிட்டேன். அதற்குக் கீழே நீ "என்ன" என்று போட்டிருக்கிறாய். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் "என்ன". யாரும் பதில் எழுதவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் நின்றோம். ஆனால் எழுதாததற்கு அதுவா காரணம் என்றால், இல்லை.

காலையில் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அவனை ரேடியோ ஸ்டேஷனில் சேர்த்து வைத்துவிட்டு, கேட்க மாட்டேங்கிறானே என்று கோவிச்சுக்கிட்டா எப்படி?" அவர் ஒன்றும் பேசவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

உன்னை ஐந்து வயதில் காது கேளாதோர் ஹாஸ்டல் பள்ளியில் விட்டபோது அங்கே டீச்சர் எனக்கு நடத்திய முதல் பாடம், "வீட்டுக்கு வந்தால் கையில் பேசாதீங்கம்மா, கை பழகிட்டா வாய் வராது." வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். லீவில் வந்து, தண்ணீர் வேண்டும் என்று நீ கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் அந்தக் கையைத் தட்டிவிட்டு "தண்ணி" என்று சொல்லச் சொல்லி நிற்பேன். நாக்கு வறண்டு நிற்கிற பிள்ளை. "ப" வர உன் உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடிப்பேன், மூச்சில் அது ஆட வேண்டும். "ம" வர உன் விரலை எடுத்து என் மூக்கின்மேல் வைப்பேன், அதிர்வு தெரிய வேண்டும். "அம்மா" வர எட்டு மாதம் ஆயிற்று. தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். அந்த எட்டு மாதத்தில் உனக்கு என்னிடம் சொல்ல வேறு எத்தனையோ இருந்திருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

இது எங்கள் டீச்சர் கண்டுபிடித்த சட்டம் இல்லை என்பது மருமகள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்தது. 1880-இல் இத்தாலியில் மிலான் என்ற ஊரில் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் மாநாடு கூட்டி, சைகையை விட வாய்ப்பேச்சுதான் உசத்தி என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கூடியவர்கள் அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாட்டில்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்களாம். 130 வருஷம் கழித்து. அப்போது நீ பள்ளியை முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

உன் அப்பாவுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. தறிக்கூடத்தில் இருபது பவர்லூம் ஓடும்போது வாயைத் திறந்து என்ன பயன்? நூல் அறுந்துவிட்டது, தார்க்குச்சியில் நூல் தீர்ந்தது, டீ வந்தாயிற்று, முதலாளி வருகிறார், எல்லாம் கைதான், கண்தான். லீவு விட்டால் நீ ஏன் வீட்டில் தங்காமல் அந்தப் பஞ்சுத் தூசியில் போய்க் கிடந்தாய் என்று இப்போது புரிகிறது. ஊரிலேயே உன் பாஷை பேசிய ஒரே இடம் அது.

பிளஸ் டூ லீவில் பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஃபேஸ்புக் மாதிரி அப்போது இருந்த ஆர்குட் பார்ப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? ஏதோ கெட்ட படம் பார்க்கிறாய் என்று பயந்து சின்னவனை வேவு பார்க்க அனுப்பினேன். அவன் ஓடி வந்து, "அம்மா, அண்ணன் கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன்கிட்ட, உங்க ஊர்ல டெஃப், காது கேட்காதவங்க, எத்தனை பேருன்னு கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றான். நான் சிரித்தேன். அது சிரிக்கிற கேள்வியா? கல்யாண வீட்டில் இருநூறு பேர் நடுவில் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் கேட்ட கேள்வி.

2008-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாய். லீவுக்கு வந்தால் போனும் கையுமாக இருந்தாய். "நான் நாளை ஊர் வருவது பஸ் இரவு" என்று நீ அனுப்பிய செய்தியைச் சொந்தத்தில் ஒருவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லோருக்கும் காட்டினான். சைகை மொழியில் வேற்றுமை உருபு என்று தனியாக இல்லை, அந்த வேலையை இடமும் பார்வையும் முகமும் செய்துவிடும், தமிழ் உனக்கு இரண்டாவது பாஷை என்று அவனுக்குச் சொல்ல அன்று எனக்கே தெரியாது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டில் எங்களுக்குப் போன் வந்தது 1995-இல். உனக்குப் போன் வந்தது என்று நான் கணக்கு வைப்பது 2016-ஐத்தான். செப்டம்பரில் ஜியோ வந்து நெட் மலிவாயிற்று, நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. அடுத்த பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் அடுக்களையில் வெளிச்சம். டியூப்லைட்டுக்கு நேர் கீழே, உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து, இரண்டு கையும் காலியாக, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். திரையில் ஒரு பையன். நெட் நின்றால் அவன் கை அந்தரத்தில் நிற்கும், அது நகரும்வரை நீ காத்திருப்பாய். உன் புருவம் அப்படி ஏறி இறங்கி நான் பார்த்ததே இல்லை. என்னிடம் பேசும்போது உன் முகம் பரீட்சை எழுதுகிற முகமாக இருக்கும். அங்கே நீ கதை சொன்னாய். ஏதோ மேனேஜரைப் போல நடித்தாய் என்று நினைக்கிறேன், கழுத்தை அப்படி வைத்துக்கொண்டு. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பெற்றவளுக்கு இருபத்தேழு வருஷத்தில் காட்டாத முகத்தை யாரோ ஒருவனுக்குக் காட்டுகிறாயே என்று. மறுநாள் காலையில் கண் கெட்டுப்போகும் என்று சொல்லி உன் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

அதே வருஷம் ஆவணியில் உன் கல்யாணம். ஃபேஸ்புக்கில் பார்த்த ஈரோட்டுப் பெண், அவளுக்கும் காது கேட்காது என்றதும் நான் என்ன ஆட்டம் ஆடினேன் என்பது உனக்கு மறந்திருக்காது. பிள்ளை பிறந்து ராத்திரி அழுதால் யார் கேட்பார்கள் என்று கேட்டேன். அழுதால் பளிச்சென்று லைட் எரிகிற கருவி உண்டு என்று போனில் படம் காட்டினாய். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு உன் ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். பாதிப் பேரை நீயே அன்றுதான் நேரில் பார்த்தாய், ஆனால் பத்து வருஷப் பழக்கம் மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். தாலி கட்டியதும் கையைத் தட்டாமல் உயரத் தூக்கி ஆட்டினார்கள். "என்ன, எல்லாரும் டாட்டா காட்டுறாங்க?" என்றார் சித்தப்பா. மேடைக்கு வந்த ஒவ்வொருவரும் உன்னைப் பார்த்து இரண்டு விரலை இடது புருவத்தின்மேல் வைத்துக் கீழே இழுத்தார்கள். வணக்கம் போலும் என்று நானும் பதிலுக்கு அப்படியே செய்தேன். மருமகள் சிரித்துவிட்டு, போனில் எழுதிக் காட்டினாள்: "அது அவர் பெயர்."

நான்கு வயதில் அம்மிக்கல்லில் விழுந்து புருவம் கிழிந்த தழும்பு. அதை வைத்துச் சென்னைக் கூட்டாளிகள் 2008-இல் வைத்த பெயராம். அதற்கு முன்னால் பள்ளியில் உன்னை 17 என்று கூப்பிட்டிருக்கிறார்கள், ஹாஸ்டல் துணியில் தைத்திருந்த நம்பர். இது எதுவும் எனக்குத் தெரியாது. உனக்குப் பெயர் வைத்த அன்று தாத்தா குலசாமி பெயரை உன் காதில் மூன்று தடவை சொன்னார். நீ கேட்காத பெயரை இருபத்தெட்டு வருஷமாக நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உனக்கென்று ஒரு பெயர் ஒன்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, பெற்ற வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அதற்காக உன் குரூப்பில் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மாதா மாதம் வட்டி தருகிறேன் என்று ஒருவன் கையில் பேசி வீடியோ போட்டானே, அறுபதாயிரம் கொடுத்தாய். பேங்கில் ஒரு கையெழுத்துக்கு நாலு கேள்வி கேட்கிற ஆள் நீ. அவனிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அவனும் டெஃப், நம்ம ஆள். உன்னைப் போல எத்தனை பேர் மாட்டினார்கள். அந்தப் பணம்கூடப் போகட்டும், மருமகளிடம் கேட்காமல் வளையலை அடகு வைத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அந்த ரீல்ஸ். நீ சைகையில் காமெடி செய்கிறாய், நன்றாகத்தான் செய்கிறாய். கீழே காது கேட்பவர்கள் வந்து "சோ ஸ்வீட்", "கடவுள் துணை இருப்பார்", கும்பிடு பொம்மை, அழுகிற பொம்மை. காமெடிக்கு எதற்கு அழுகிறார்கள்? பஸ் ஸ்டாண்டில் நீ ஒரு பேப்பரில் வழி எழுதிக் காட்டினால் அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்? அந்த லைக்கை நீ கணக்கில் எடுத்துக்கொண்டு உட்காராதே. தப்பாகச் செய்தால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறானே அந்தக் கோயம்புத்தூர்க்காரன், அவனைப் பிடித்துக்கொள்.

நான் சைகை படிப்பது எப்படிப் போகிறது என்று கேட்டாயே. டெல்லியில் இருக்கிற சைகை மொழி மையத்துக்காரர்கள் பத்தாயிரம் சொல்லுக்கு வீடியோ அகராதி போட்டிருப்பதாக மருமகள் சொன்னாள். அதில் நான் பார்த்தது இங்கிலீஷும் இந்தியும்தான், எனக்கு எட்டவில்லை. அவளிடமே பாடம். இங்கிலீஷ் உயிரெழுத்து ஐந்தும் இடது கை ஐந்து விரல் நுனியில் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பஸ்ஸில் போகும்போது கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போவேன், ஜெபம் செய்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காருகிறாள்.

அவளுடைய பெண்கள் குரூப்பில் என்னையும் சேர்த்திருக்கிறாள் தெரியுமா? முதல் வீடியோவைப் பதினொரு தடவை எடுத்தேன். ஏதோ ஒரு விரலை மாற்றிப் போட்டு என்னையே என் மருமகள் என்று சொல்லிவிட்டேனாம். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் மெதுவாக, எனக்காக மெதுவாக, கையை அசைத்து வீடியோ அனுப்பினார்கள். ஒரே ராத்திரியில் பதினான்கு வீடியோ. எழுதப் படிக்கத் தடுமாறுகிற ஒருவருக்கு நம் குடும்ப குரூப்பில் யாராவது அப்படி மெனக்கெட்டிருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தேன்.

முந்தாநாள் எனக்குப் பெயர் வைத்தார்கள். நாமாக வைத்துக்கொள்ளக் கூடாதாமே, அவர்கள்தான் வைக்க வேண்டுமாம். பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறேனாம், ஈரக்கையோடு போனைத் தொடுகிற பயம். அதையே பெயராக்கிவிட்டார்கள். இடுப்பருகே இரண்டு தேய்ப்பு. கண்ணாடியில் பத்துத் தடவை செய்து பார்த்தேன்.

குடும்ப குரூப்புக்குத் திரும்பி வா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. சித்தப்பா நேற்று ராத்திரி எனக்கு ஒரு செய்தி அனுப்பினார், டைப் அடித்து: "அவன் நம்பர்ல எழுதுனா படிப்பானா". படிப்பான் என்றேன். ஏதாவது வந்ததா? எழுத்துப்பிழை நிறைய இருக்கும், நீ சிரிக்காதே. இல்லை, சிரி.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி. என் முகம் இருட்டாக இருக்கிறது என்றாயே, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராமல் எதிர்ப்பக்கம் மாறிவிட்டேன், டியூப்லைட்டும் இப்போது எனக்கு நேரே இருக்கிறது. பாப்பாவைத் தூங்க வைத்துவிடாதே. போன வாரம் குட்டிக் கையை மூடித் திறந்து மூடித் திறந்து எதையோ கேட்டாள், பாட்டியைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் குதித்தேன். பால் கேட்டிருக்கிறாள். இந்த வாரம் என் பெயரை அவளுக்குக் காட்டிக் கொடு.

அம்மா