சுயபரிசோதனைக் கிட்டுக்குள் இருக்கும் தாளைத் திருத்துங்கள்

எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கிட்டுகளை விநியோகிக்கும் சுகாதாரத் துறையினருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

உலக சுகாதார நிறுவனம் 2016 டிசம்பரிலேயே சுயபரிசோதனையைப் பரிந்துரைத்துவிட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பரிசோதனை மையத்துக்கே போகாத ஆண்களுக்கு, குறிப்பாக ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு, இது பெரிய உதவி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிட்டைப் பிரிப்பவருக்கு அந்த நேரத்தில் துணையாக இருப்பது பெட்டிக்குள் உள்ள தாள் மட்டும்தான். அதைத்தான் திருத்தச் சொல்கிறோம்.

வாய்வழிக் கிட்டில் பெரும்பாலும் தவறு நடப்பது ஸ்வாப் எடுக்கும்போது, அதாவது வாயில் குச்சியைத் தேய்த்து மாதிரி எடுக்கும்போது. நாக்கிலோ உள்கன்னத்திலோ தேய்த்துவிடுகிறார்கள். இந்தக் கிட் வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடியை, ஈறோரம் கசியும் நீரில் தேடுகிறது. ஆகவே பல்லும் ஈறும் சேரும் இடத்தில், மேல் ஈறு முழுக்க ஒரு முறை, கீழ் ஈறு முழுக்க ஒரு முறை, அவ்வளவுதான். குச்சியின் பட்டையான முனையில் விரல் படக் கூடாது. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே சாப்பிடுவது, குடிப்பது, பல் துலக்குவது எதுவும் வேண்டாம். குப்பியின் மூடியை வெடுக்கென்று இழுத்தால் உள்ளே இருக்கும் கொஞ்சத் திரவமும் சிந்திவிடும்; மெல்ல அசைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

இரத்தக் கிட்டில் சிக்கல் வேறு. ஈரக் கையோடு குத்தினால் துளி திரளாமல் பரவிவிடும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். நுனியை நசுக்காமல் அடிவிரலிலிருந்து நீவிவிட்டால் துளி தானாக வரும்.

முடிவு பார்க்கும் நேரமும் கிட்டுக்குக் கிட் மாறும். பரவலாகப் பயன்படும் வாய்வழிக் கிட்டில் 20 நிமிடத்துக்கு முன்பும் 40 நிமிடத்துக்குப் பின்பும் பார்ப்பது செல்லாது. இரத்தக் கிட்டுகளில் சில ஒரே நிமிடத்தில் முடிவு காட்டும், சில 15 நிமிடம் எடுக்கும். தயவுசெய்து எல்லாவற்றுக்கும் ஒரே தாளை அச்சடிக்காதீர்கள்.

மங்கலான கோட்டுக்கு ஒரு படம் கட்டாயம் வேண்டும். தொற்றைக் காட்டும் 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் 'சி' கோடு வரவில்லை என்றால் 'டி' தெரிந்தாலும் அந்தச் சோதனை செல்லாது, புதுக் கிட் வேண்டும். இரண்டு கோடும் வந்தால் தொற்று உறுதி என்று எழுதிவிடாதீர்கள். மையத்தில் மேற்கொண்டு பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். ஏற்கெனவே எச்.ஐ.வி. தொற்றுக்கான ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவருக்கு இந்தக் கிட் தொற்று இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். அவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது ஒற்றைக் கோடு, அதாவது 'சி' மட்டும் வந்து தொற்று இல்லை என்று காட்டும் முடிவு. தொற்றிய சில வாரங்கள் வரை, சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, ஆன்டிபாடி தென்படாமல் போகலாம். உடலில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதும் அந்த ஆரம்ப வாரங்களில்தான். உறவுக்குச் சற்று முன் இருவரும் சோதித்துக்கொண்டு, ஒற்றைக் கோட்டை நம்பி ஆணுறையை விடுவது எத்தனை ஆபத்து என்று இதிலேயே தெரியும். கடைசியாக ஆபத்துக்கு உள்ளான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அந்த ஆபத்து நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் இருந்தால் கிட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது. தடுப்பு மருந்துக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அதை 28 நாள் எடுக்க வேண்டும். தாளில் இது பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஒருவருக்கு இரண்டு கிட்டாகக் கொடுங்கள். மையத்துக்கு ஒருநாளும் வராத துணைவருக்கு இரண்டாவது போய்ச் சேரும். யாரையும் வற்புறுத்திச் சோதிக்கக் கூடாது என்ற வரியும் சேர்ந்தே போகட்டும். முடிவைச் சொன்னால்தான் அடுத்த கிட் என்ற நிபந்தனை வேண்டாம். பயந்து வராமலே இருந்துவிடுவார்கள். இரவிலும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணை முன்பக்கத்தில் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன், நள்ளிரவில் நீங்களே ஒரு முறை அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பரிசோதனை ஆலோசனைப் பணியில் இருப்பவர்கள்