ஏப்ரலில் ஒரு தமிழ் வகுப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரி, பாரிஸ் புறநகரில் பிள்ளைகளோடு இருக்கிறேன். மார்ச் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை 1 மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அதன்பிறகு ஊருக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்தான். பள்ளி விட்டு மாலை 4.30-க்கு மகள் போன் போட்டால் புதுச்சேரியில் இரவு 8 மணி, அவள் ஆயா (பாட்டி) விழித்திருப்பார். தெருவில் பூத்த செர்ரி மரத்தைக் காட்டி வாய் ஓயாமல் தமிழில் பேசுவாள். ஆனால் ஆயா எழுதி அனுப்பிய வாழ்த்து அட்டையை என்னிடம்தான் நீட்டினாள், படித்துச் சொல்லச் சொல்லி.

வசந்தகாலப் பள்ளி விடுமுறை 2 வாரம். என்னைப்போல் பலரும் அப்போது பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். அந்த நாட்களில் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் காலையில் 1 மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். கட்டணம் வைத்தாலும் சரி, கட்டாயம் சேர்ப்போம்.

- ஒரு தாய், பாரிஸ்