சொந்தக் கூரை இல்லாதவர்களையும் கேளுங்கள்

எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்று அமைச்சுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் கடைசி மாடியிலிருந்து எழுதுகிறேன். மாலை ஆறு மணிக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தால் சுடும். தலைக்கு மேலே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியும் லிப்ட் மோட்டார் அறையும் போக மீதியெல்லாம் பகல் முழுக்க வெயிலில் வேகும் வெறும் சிமெண்டுத் தரை.

2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக்க வேண்டும் என்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மின்சார பில்லைப் பாருங்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கென்று 1.6 விழுக்காடு கட்டணம் தனியாகக் காட்டியிருக்கும். 2011 டிசம்பரில் 1 விழுக்காடாகத் தொடங்கியது, 2014-இல் 1.6 ஆனது. மாதம் 300 கிலோவாட் மணிக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரம் இரவு பகலாக ஓடும் எங்கள் வீட்டுக்கு அந்த விலக்கு எட்டியதே இல்லை. சூரியத்தகடு போட்டு மின்சாரம் விற்றவர்களுக்கு அந்த நிதியிலிருந்துதான் பணம் போனது. கொடுத்ததற்காக வருந்தவில்லை. ஆனால் தனிக்கூரை உள்ளவர்கள் தங்கள் சூரிய மின்சாரத்தில் மிஞ்சியதைக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் நெம் ராக்யாட் திட்டம் வந்து, 2025 ஜூன் 30-இல் முடிந்தும் போனது. நாங்கள் இன்னும் பில் மட்டும்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மாடியில் தகடு போட்டால், வரும் மின்சாரம் லிப்டுக்கா, ஒவ்வொரு வீட்டு பில்லிலும் கழியுமா? துளை போட்ட இடத்தில் மழைநீர் ஒழுகினால் அது முதலில் விழுவது அப்பாவின் கட்டில்மேல்தான். யார் சரிசெய்வார்கள்? இதையெல்லாம் திட்டம் முடிவாவதற்கு முன்பே பேச வேண்டும். நகர வளர்ச்சிக்கான கோலாலம்பூர் அமைப்புத் திட்டம் 2040-க்கு வரைவைக் காட்சிக்கு வைத்து மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டார்கள். மின்சாரத்துக்கும் அப்படிச் செய்யுங்கள்.

வேலை நாள் காலையில் ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வேண்டாம், எங்களால் வர முடியாது. இரவு எட்டரைக்கு எங்கள் கீழ்த்தள டேவானுக்கு, அதாவது பொது மண்டபத்துக்கு, வாருங்கள். மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் பேசுங்கள். நாற்காலிகளை நாங்கள் போட்டு வைக்கிறோம். எங்கள் கருத்துகளில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று எழுதி, லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
செந்தூல் அடுக்குமாடிவாசி